ஒரு பால்மாப் பேணியும் ஒரு வார இறுதியும்

(நூற்றாண்டை முன்னிட்டு ரொறன்ரோவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நிகழ்ச்சி நிரலில் ஒருவருடைய பெயர்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு இருவருடையது. மற்றவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மேடைக்கு மட்டும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த நாளிலிருந்து எங்களில் ஒருத்தி பேசுவதும், மற்றவள் "அப்பிடியில்லை" என்று இடையில் திருத்துவதும்தான் வழக்கம். ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம். மூன்றாவது வரிசையிலிருந்து சத்தம் வந்தால் குறை நினைக்காதீர்கள்.

கடந்த ஒக்டோபர் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நாங்கள் இருவரும் காரில் ஏறி வடக்கே மஸ்கோக்காப் பக்கம் போனோம். இங்கிருந்து ஏறக்குறைய இரண்டு மணிநேர ஓட்டம். போன காரியம் படம் ஒட்டுவது. இதைச் சொன்னபோது எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே கேள்விதான் வந்தது: "படம் ஒட்டுறதுக்கு மூண்டு நாளோ?"

இந்த நாட்டில் நீண்டகாலம் இருப்பவர்களுக்கு "ஸ்க்ராப்புக்கிங்" என்றால் என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. படங்களை வெறுமனே அல்பத்தில் செருகாமல், பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாளில் ஒட்டி, பக்கத்தில் கதை எழுதி, ரிக்கெற், வாழ்த்துமடல், பிள்ளையின் முதல் தலைமயிர் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒரு புத்தகமாக ஆக்குவது. பழைய பழக்கம்தான். மார்க் ருவெய்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1873ஆம் ஆண்டிலேயே, பசை பூசிய பக்கங்கள் கொண்ட ஒட்டுப்புத்தகத்துக்குக் காப்புரிமை எடுத்தவர். இன்றைக்கு இருக்கிற வடிவம் 1980இல் யூற்றா மாநிலத்தின் சோல்ற் லேக் நகரில் நடந்த ஒரு மாநாட்டில் ஒரு குடும்பத்தார் தங்கள் அல்பங்களைக் காட்சிக்கு வைத்ததிலிருந்து பரவியது என்று சொல்வார்கள். அதன்பிறகு வட அமெரிக்காவில் அது பெரிய வியாபாரமே ஆகிவிட்டது. பெண்கள் ஒரு வார இறுதியைக் குறித்துக்கொண்டு, வீட்டை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு விடுதியில் கூடியிருந்து ஒட்டுவார்கள். சாப்பாடு அங்கேயே. ஆளுக்கு ஒரு நீள மேசை, ஒரு விளக்கு. இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை கத்தரிக்கோல் சத்தம் கேட்கும்.

நாங்கள் போன இடத்தில் இருபத்துநாலு பெண்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், தாதிமார், பேத்தி கண்ட பாட்டிமார். எல்லாரும் சில்லுப் பூட்டிய மூன்று நான்கு பெட்டிகளுடன் வந்திருந்தார்கள். பூத்தாள், மினுக்கித்தாள், வட்டம் வெட்டும் கருவி, இதயம் வெட்டும் கருவி. எங்களிடம் இருந்தவை ஒரு துணிப்பை, இரண்டு பென்சில், கத்தரிக்காய்ப் பால்கறி ஒரு பெட்டி, ஒரு பால்மாப் பேணி. கத்தரிக்காய்க் கறி சனிக்கிழமை மத்தியானமே முடிந்துவிட்டது. அதில் எங்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்.

அந்தப் பேணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்ததை இங்கே எங்கள் வயதினருக்கு விவரிக்கத் தேவையில்லை. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி எடுத்து வைக்க இடமில்லை. வயதுபோனவர்களைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசிக்க நேரமில்லாத இரவு. எங்களில் ஒருத்தியின் தகப்பனார் அடையாள அட்டைகள், உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். பிறகு, ஏனென்று அவரே ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை, குசினிக்குப் போய், பால்மாப் பேணியைக் கவிழ்த்து மாவை ஒரு பொலித்தீன் பையில் கொட்டிவிட்டு, சுவரிலும் அல்பத்திலும் இருந்த படங்களில் கைக்கு அகப்பட்டதைச் சுருட்டிப் பேணிக்குள் அடைத்தார். மூடி இறுக்கமான மூடி. அன்றைய மழையில் உறுதிகள் நனைந்தன; படங்கள் நனையவில்லை.

மற்ற வீட்டில் அல்பங்கள் அலுமாரியின் அடித்தட்டிலேயே இருந்தன. 1996இல் திரும்பிப் போனபோது கூரையில் பாதி இல்லை. ஒரு மாரி முழுவதும் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு கட்டியாக இருந்தன. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. ஆகவே எங்களில் ஒருத்திக்கு இருபது வயதுக்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. அவள் சிறுபிள்ளையாக இருக்கும் படம் இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்தால், அது மற்றவளுடைய பேணிக்குள்தான்.

நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தேவை என்று மலர்க்குழு கேட்டபோதுதான் பேணியைத் திறந்தோம். உள்ளே 43 படங்கள். வேலையும் வீடும் இருக்கிற இடத்தில் இருந்துகொண்டு அதைச் செய்யமுடியாது என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. எங்களில் ஒருத்தி வைத்தியர், மற்றவள் கணக்காளர். ஒருத்திக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் மற்றவளுக்குக் கணக்கு முடிப்பு. ஆகவேதான் ஏரிக்கரை.

அங்கே முதலில் கிடைத்த பாடம், அந்தக் கூட்டங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே "குரொப்" என்பது. படத்தின் ஓரத்தை வெட்டி, தேவையான முகத்தை மட்டும் எடுப்பது என்று பொருள். அடுத்த மேசைப் பெண்மணி மிகவும் அன்பானவர். எங்கள் வகுப்புப் படத்தைப் பார்த்துவிட்டு, முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் சின்னதாகத் தெரிகிறார்கள், சுற்றி வெறும் முற்றம்தானே, ஓரத்தை வெட்டினால் வடிவாக இருக்கும் என்று தன் வெட்டும் கருவியையே நீட்டினார். நாங்கள் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தோம்.

ஏனென்றால், அந்தப் படத்தின் பின்பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் எடுத்ததா, ஒன்பதாம் வகுப்பில் எடுத்ததா என்று வெள்ளி இரவு முழுவதும் எங்களுக்குள் வழக்கு. இரண்டு வருடமும் அதே வகுப்பாசிரியை, அதே வெள்ளைச் சட்டை, அதே இரட்டைப் பின்னல். தீர்ப்புச் சொன்னது இடதுபக்க ஓரம். அங்கே வேப்பமரத்துக்குக் கீழே எங்கள் பதுங்குகுழி ஒரு கை அகலத்துக்குத் தெரிகிறது. நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அதன்மேல் பனங்குற்றிகள் மட்டும்தான் கிடந்தன. மண்மூட்டை அடுக்கியது அடுத்த வருடம். நாங்களும்தான் மூட்டைக்கு மண் அள்ளினோம். படத்தில் மூட்டைகள் இருக்கின்றன. ஆகவே 1993, ஒன்பதாம் வகுப்பு. அந்த ஓரத்தை வெட்டியிருந்தால் வருடமும் போயிருக்கும், பதுங்குகுழியும் போயிருக்கும். வலதுபக்க ஓரத்தில் கன்ரின் அக்காவின் கையும் ஒரு வாளியும் மட்டும் தெரிகின்றன. அவருடைய படம் வேறு எங்கும் இல்லை. அந்தக் கையை நாங்கள் விடமாட்டோம்.

பிறகு பெயர்கள். முதல் ஒரு மணிநேரத்தில் இருபத்தொன்பது பேரைச் சொல்லிவிட்டோம். பெருமைப்பட்டுக்கொண்டோம். அடுத்த ஆறு பேருக்குச் சனிக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது. ஒருத்திக்கு வீட்டுப் பெயர் தெரிகிறது, இடாப்புப் பெயர் தெரியவில்லை. ஒருத்திக்கு இடாப்பு இலக்கம்கூட ஞாபகம் இருக்கிறது, பெயர் வரவில்லை. இதில் நாங்கள் கண்ட விசேஷம் என்னவென்றால், தனித்தனியே இருந்து யோசித்தால் வராத பெயர் இருவரும் சேர்ந்து சண்டைபிடிக்கும்போது வருகிறது. "அவள் உனக்குப் பின்னால இருந்தவள்." "இல்லை, எனக்குப் பின்னால இருந்தவளின்ர தமையன் தபால்கந்தோரில." "ஓ, அப்ப அவள்தான்!" இதை வீட்டில் ஒருத்தி தனியே இருந்து செய்யமுடியாது. தொலைபேசியிலும் சரிவராது, படத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

மூன்று பேருக்கு இன்னும் பெயர் இல்லை.

பெயர் தெரிந்த ஒருத்தியால்தான் எங்களுக்குச் சனி இரவு நித்திரை இல்லை. நடு வரிசையில், இடமிருந்து ஐந்தாவதாக நிற்கிறாள். அவள் இருபது வயதைக் காணவில்லை. எப்படி என்பதை இந்த மண்டபத்தில் எங்கள் வகுப்பினர் அறிவார்கள். அவளுடைய பெயருக்குக் கீழே என்ன எழுதுவது? எங்களில் ஒருத்தி சொன்னாள், வருடத்தைப் போடவேண்டும், நடந்ததைப் போடவேண்டும். போடாவிட்டால் அவளும் எங்களைப் போல எங்கேயோ ஒரு நாட்டில் பிள்ளை குட்டியோடு இருக்கிறாள் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள், அது பொய். மற்றவள் சொன்னாள், படம் எடுத்த அன்று அவள் உயிரோடு சிரித்துக்கொண்டு நின்றவள். முப்பத்தேழு பேருக்கும் பெயர் மட்டும், அவளுக்கு மட்டும் மரணச் செய்தியா? இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சுற்றிவர இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒருவர் வந்து எங்கள் இருவர் தோளிலும் கைவைத்து, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். எழுதுவதற்கு ஆளுக்கொரு நியாயம் இருந்தது. எழுதும் உரிமை எங்களுக்கு இருக்கிறதா என்பது இரவு ஒரு மணிக்குப் பிறகுதான் எங்கள் வாயில் வந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, அங்கே பின்னேரம் ஆறரை, அவளுடைய தங்கைக்கு அழைப்பு எடுத்தோம். பல வருடமாகப் பேசவில்லை. காரியத்தைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அக்கா, பேரைப் போடுங்கோ. மற்றது ஒண்டும் வேண்டாம், அம்மா இன்னும் இருக்கிறா. ஆனா அவ வலைப்பந்து விளையாடினவ எண்டதைக் கட்டாயம் போடுங்கோ." அப்படியே போட்டோம். அந்தப் படத்தைத் தன் தாயாருக்கும் அனுப்பும்படி கேட்டார். அவர்கள் வீட்டிலும் ஒரு படம்கூட மிஞ்சவில்லையாம்.

மலர்க்குழுவிடம் இதற்காக ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மலரில் வரும் எந்தப் பழைய படத்திலும், இல்லாமற்போன ஒருவரைப் பற்றிப் பெயருக்கு மேல் ஒரு சொல் சேர்ப்பதென்றால், அவருடைய வீட்டாரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இனி அம்மா கதை. எங்களில் ஒருத்தியின் தாயாரும் இதே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி, ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் படித்தவர். இப்போது மறதி நோய். காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இல்லை. மகளைச் சில நாட்களில் தங்கை என்று நினைக்கிறார். மகளின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். இங்கே இருக்கும் பல வீடுகளில் இதே நிலைமை இருப்பது எங்களுக்குத் தெரியும். பேணியில் இருந்த படங்களில் ஐந்து அவருடைய காலத்துக் கறுப்புவெள்ளைப் படங்கள். ஒரு சிறிய அல்பத்தை அவருக்கென்றே தனியாகச் செய்தோம். பக்கத்துக்கு ஒரு படம். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி. பூவும் மினுக்கமும் இல்லை; அவை கண்ணைக் குழப்பும்.

முதியோர் வைத்தியத்தில் இப்படியான வாழ்க்கைக் கதைப் புத்தகங்களைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அது மருந்து அல்ல. நோயை நிறுத்தாது. பழைய நினைவுகளைப் பேசவைப்பதால் கிடைக்கும் பலனைப் பற்றிய ஆய்வுகளும் ஒரே மாதிரி முடிவு சொல்லவில்லை. பலன் இருக்கும் இடத்திலும் சிறியதுதான். ஆனால் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் பதிந்த நினைவுகள், பிந்தியவற்றைவிடக் கூடுதலான காலம் நிற்கின்றன என்பது வைத்தியர்கள் அன்றாடம் காண்பது. பள்ளிக்கூடப் படம் அந்தக் காலத்துக்குள் விழுகிற படம்.

ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்கிறோம். படத்தைக் காட்டி, "அம்மா, இது ஆர் எண்டு தெரியுதோ? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்காதீர்கள். எங்கள் சனங்கள் எல்லாரும் செய்வது இதுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, வருகிற ஒவ்வொருவரும் "என்னைத் தெரியுதோ?" என்று கேட்பார்கள். அது சோதனை. பதில் வராதபோது அந்த மனுசிக்கு வருகிற வெட்கத்தை நாங்கள் முகத்தில் பார்த்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, "இது உங்கட பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, நீங்கள் இதில நிக்கிறீங்கள்" என்று நீங்களே சொல்லிவிட்டு, பேசாமல் இருங்கள். வந்தால் வரட்டும்.

ஞாயிறு இரவு அப்படித்தான் கொடுத்தோம். முதல் இரண்டு படத்துக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது படத்தில், விளையாட்டுப் போட்டியில் வரிசையாக நின்ற பிள்ளைகளை இடமிருந்து வலமாக ஒன்பது பேரின் பெயரைச் சொன்னார். யார் எந்த இல்லம் என்றும் சொன்னார். பத்தாவது ஆளிடம் வந்தபோது, "இவளோட நான் கதைக்கிறேல்லை" என்றார். ஏனென்று கேட்டோம். சொல்லவில்லை. அடுத்த கிழமை அதே படத்தில் அதே நாலாவது பிள்ளைக்கு வேறொரு பெயர் சொன்னார். எது சரி? தெரிந்துகொள்ள இப்போது வேறு ஆள் இல்லை. இரண்டு பெயரையும் எழுதி, சொன்னவர் யார், சொன்ன திகதி என்ன என்றும் எழுதினோம். எங்கள் கணக்காளர் இதில் மிகக் கண்டிப்பு. ஆதாரம் இல்லாத வரவை அவர் பதியமாட்டார்.

வீட்டில் படம் வைத்திருப்பவர்களுக்கு, செய்து பார்த்த சில காரியங்களைச் சொல்லிவிடுகிறோம். எழுபதுகள், எண்பதுகளில் எல்லாரும் ஆசையாக வாங்கிய, பக்கத்திலேயே பசையும் மேலே பிளாஸ்ரிக் தாளும் கொண்ட அல்பங்கள் படத்துக்கு எமன். அவற்றிலிருந்து படத்தை எடுங்கள், பிய்க்க வேண்டாம். பல் இடுக்குக்குப் பாவிக்கும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெல்ல மெல்ல இழுத்தால் கழன்று வரும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்து விட்டுவிடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்ட படங்களை வீட்டில் பிரிக்க முயலாதீர்கள், அதற்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். குமிழ்முனைப் பேனையால் பின்பக்கம் அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். பழைய தாளில் மென்மையான பென்சில் போதும். அல்பம் வாங்கும்போது அமிலமில்லாத தாளா என்று பாருங்கள். உண்மையில் எங்கள் அம்மம்மாமார் வைத்திருந்த கறுப்புத்தாள் அல்பம், நாலு மூலைக்கும் தாள் மூலை ஒட்டி, இடையில் மெல்லிய தாள் வைத்தது, அது மிகவும் புத்தியான ஏற்பாடு: பசை படத்தில் படாது, வேண்டும்போது எடுத்துப் பின்பக்கத்தை வாசிக்கலாம். கறுப்புவெள்ளைப் படங்கள் இன்னும் தெளிவாக இருக்க, எங்களுடைய வர்ணப்படங்கள் சிவந்து வெளிறிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். வர்ணப்படத்தின் சாயம் இருட்டில் வைத்தாலும் மெல்ல மெல்ல அழியும். ஆகவே முதலில் வருடி எடுக்கவேண்டியவை அவைதான். சின்னப் படமென்றால் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைத்து எடுங்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். எடுத்த பிறகு மூலப்படத்தை எறிந்துவிடாதீர்கள். ஊரில் இருப்பவர்கள் அலுமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள். அதற்கு எங்களில் ஒருத்தி சாட்சி.

நாற்பத்துமூன்று படத்தில் பத்தொன்பதைத்தான் மூன்று நாளில் ஒட்டி முடித்தோம். அந்தப் பெண்கள் ஆளுக்கு நாற்பது ஐம்பது பக்கம் முடித்திருந்தார்கள். கடைசி நாள் எல்லாரும் தங்கள் பக்கங்களை மேசையில் விரித்துவைத்துச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். எங்கள் மேசையில் வர்ணமே இல்லை. வெள்ளைத்தாள், படம், கீழே பென்சிலால் தமிழ் எழுத்து. அதைப் பார்த்து எங்கள் அடுத்த மேசைப் பெண்மணி நெடுநேரம் நின்றார். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இவ்வளவு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெயர்கள் என்றோம். அவர் தன் அல்பங்களைத் திருப்பிப் பார்த்து, தன் தாயாருடைய கலியாணப் படத்தில் நிற்பவர்களைத் தனக்கும் இப்போது தெரியாது என்றார்.

மிச்சம் இருபத்துநாலு படங்களுக்கு மே மாதத்தில் மறுபடி போகிறோம். அந்த விடுதியில் இன்னும் இரண்டு கட்டில் இருக்கிறது; விரும்பியவர்கள் கேளுங்கள். கத்தரிக்காய்க் கறியைக் கூட்டிச் சமைத்துக்கொண்டு வருவோம்.

இந்த ஒன்பதாம் வகுப்புப் படத்தைப் பெரிதாக்கி, பின்னால் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மலரிலும் இதே படம் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊரிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் இருப்பவர்கள் அதில் பார்க்கலாம். பெயர் தெரியாத மூவர் இவர்கள்: மேல் வரிசையில் வலமிருந்து இரண்டாவது, நடு வரிசையில் இடது ஓரம், பதுங்குகுழிக்குப் பக்கத்தில் நிற்பவர், நிலத்தில் இருப்பவர்களில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர். கன்ரின் அக்காவின் முழுப்பெயர் தெரிந்தவர்களும் வேண்டும். படத்தில் எழுதாதீர்கள்; பக்கத்தில் தாளும் பென்சிலும் இருக்கின்றன. எழுதும்போது உங்கள் பெயரையும் இன்றைய திகதியையும் போட்டுவிடுங்கள்.